பெட்டிக்கு ஒரு ஸ்டார்

கூரியர் வண்டி வாசலில் விடாமல் ஹாரன் அடித்தது. பனையோலைப் பெட்டி முடைந்து ஆன்லைனில் விற்கும் மரியபுஷ்பத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்சல்களை மறித்து நின்றவர் வரி அதிகாரி கனகசபாபதி. மளிகைச் சீட்டில்கூடப் பதவியைப் போட்டுக் கையெழுத்திடுகிற மனுசர்.

"எல்லாம் ஒரே அச்சு! மெஷின்ல செஞ்சுட்டு, கைவினைன்னு வரிச்சலுகை கேக்குறியா? கையால முடைஞ்சதுன்னு ஒரு அதிகாரி எழுதிக் குடுத்த சான்றைக் காட்டு. இப்பவே காட்டு!"

"இந்தா இருக்குல்லா சார்" என்று போனை நீட்டினாள். போன மாதம் அவள் கடைக்கு வந்த ரிவ்யூ அது.

'இரண்டு பெட்டி வாங்கினேன். ஒன்றுபோல் ஒன்று இல்லை. கையால் முடைந்தது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு ஸ்டார்தான். இப்படிக்கு, கனகசபாபதி, வரி அதிகாரி.'

அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். பார்சலைத் தூக்கிக்கொண்டே மரியபுஷ்பம் சொன்னாள்: "அதை அழிச்சிராதீங்க சார். அடுத்த வருசமும் வேணும்லா."