மிட்டாதார் தலைக்கு அரைத்த மருதாணி

"வகிட்டில் வெள்ளை தெரியுதே!" என்று வந்திருந்த விருந்தாளிகளில் ஒருவர் கேலி செய்ததும், மிட்டாதார் ரத்தினசபாபதி பழியைச் சமையல்காரி சிலம்பாயி மேல் தூக்கிப் போட்டார்.

"போன ஆடியில வந்தவ இவ. இவ போட்ட உப்பைத் தின்னுதான் என் முடி நரைச்சுப் போச்சு! அடியே, உன் அடுப்படிச் சாமானை வெச்சே நாளைக்குள்ள கறுப்பாக்கு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

சிலம்பாயிக்கு வேறு போக்கிடம் இல்லை. தேயிலையைக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் மருதாணியை அரைத்து, இரும்புச் சட்டியில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டாள். விடிந்ததும் கருகருவென்றிருந்த விழுதை வாழையிலையில் வைத்து, அதே விருந்தாளிகள் முன்னால் அவருக்குப் பரிமாறினாள்.

"என்னடி இது?"

"சாப்பிடுங்க எசமான். தின்னு வந்த நரை தின்னாத்தானே போகும்?"

மிட்டாதாருக்கு மீசை துடித்தது. "கூறுகெட்டவளே, இதைத் தலையிலதான் பூசணும்! பத்து வருஷமா மாசாமாசம் பூசுறவனுக்குத் தெரியாதா?"

கூடத்தில் எல்லோரும் அவர் தலையையே பார்த்தார்கள்.

"நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகலைங்களே, எசமான்" என்றாள் சிலம்பாயி. பதிலுக்குக் காத்திராமல், மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கப் போனாள்.