வாத்துக்குஞ்சிடம் சொன்னது

ஏகாம்பரம் ஐம்பத்தெட்டு வயதில் சீடரானவர். அதற்கு முன் நில அளவைக்காரர். அளவுச் சங்கிலியைக் கீழே வைத்து வருஷம் இரண்டாகியும் அளக்கும் புத்தி போகவில்லை. குரு கோமதி அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

மடத்துக் குளக்கரை வழியாகத் தினமும் இருநூறு வாத்துகள் வயலுக்குப் போகும். தண்ணீர் கலங்குகிறது, வேலி போட்டுவிடலாம் என்று மடத்தில் பேச்சு. மூங்கிலும் வந்து இறங்கிவிட்டது.

“வேலி போட்டால் யாருக்காவது கஷ்டமா என்று அறிந்து வாருங்கள்” என்றார் அம்மை.

ஏகாம்பரம் போய், வாத்து மேய்க்கும் மாரிக்கண்ணுவைக் கேட்டார். அவள் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

“ஒரு கஷ்டமும் இல்லீங்க சாமி. நல்லாப் போடுங்க.”

அதை அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

“கும்பிட்ட கையை எப்போது இறக்கினாள்?” என்று கேட்டார் அம்மை.

“நான் கிளம்பிய பிறகு.”

“நாளையும் போங்கள்.”

மறுநாள் காவியைக் கழற்றிவிட்டு வெள்ளை வேட்டியில் போனார். மாரிக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“காவியைத் துவைக்கப் போட்டீங்களா சாமி?”

பதில் மட்டும் அதேதான்.

“தாயே, எதை உடுத்தினாலும் நான் மடத்து ஆள்தான். யாராகவும் இல்லாமல் எப்படிப் போய்க் கேட்பது?” என்றார் திரும்பி வந்து அம்மையிடம்.

“முடியாது. நாளைக்குக் கேட்காமல் போங்கள்.”

மூன்றாம் நாள் காலையிலிருந்து வாத்துகளின் பின்னால் நடந்தார். வாயே திறக்கவில்லை, மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மதியம் அவள் கோலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கஞ்சி குடித்து வந்தாள். சாயங்காலம் திரும்பும்போது வாத்துகள் தாமாகவே குளக்கரைக்குத் திரும்பின. கடைசியாக வந்த நொண்டிக் குஞ்சை அவள் தூக்கிக்கொண்டாள்.

“இன்னும் எத்தன நாளைக்குடி இந்த வழி? ஊரச் சுத்திப் போனா நீ செத்துருவியே” என்றாள் அதனிடம்.

ஏகாம்பரம் ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்து சொன்னார்.

மூங்கிலைத் திருப்பி அனுப்பச் சொன்னார் அம்மை.

ஏகாம்பரம் ஏட்டைப் பிரித்து, முதல் இரண்டு நாள் பதில்களை அடிக்கப் போனார்.

“ஏன் அடிக்கிறீர்கள்?”

“பொய், தாயே.”

“இருக்கட்டும். வழியைப் பற்றி அவள் குஞ்சிடம் சொன்னாள். அந்த இரண்டு நாளும் சொன்னது, நம் மடத்தைப் பற்றி.”