அரசர் உண்பதையே நாடும் உண்க

மேற்கே மேகம் உரசும் மலை. கிழக்கே ஓயாத கடல். மலையில் பிறந்து கடலில் கலக்கும் ஓர் ஆறு. ஆற்றுத் தண்ணீர் எட்டாத இடமெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. இப்படி ஒரு நாட்டை மிகப் பழைய நாளில் மணிமார்பன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மனத்தில் ஓர் ஆசை முளைத்துவிட்டால், அது மரமாகிக் காய்க்கும்வரை யாரையும் தூங்கவிடமாட்டார்.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதர் ஒருவர் அரண்மனை விருந்துக்கு வந்தார். சம்பா அரிசிச் சோறும் நெய்யும் பருப்பும் பாயசமும் வயிறு நிறைய உண்டார். உண்டு முடித்துவிட்டு மெல்லச் சிரித்தார்.

"மன்னர் பெருமானே, தங்கள் விருந்து அமுதம். ஆனால் வரும் வழியில் ஒன்றைக் கண்டு வியந்தேன். மலையூரில் தினைமாவு தந்தார்கள். கரிசலில் கம்பங்கூழ் ஊற்றினார்கள். கடற்கரையில் மீனைத் தவிர வேறு பேச்சே இல்லை. எங்கள் நாட்டில் வடகோடி உண்பதைத்தான் தென்கோடியும் உண்ணும். ஒரே அரசரின் குடிகள் ஊருக்கொரு உணவு உண்பதை இங்கேதான் பார்க்கிறேன்."

தூதர் போய்விட்டார். அவர் சொல் போகவில்லை. மறுநாள் காலை மன்னர் அவையைக் கூட்டினார்.

"இனி நம் நாட்டில் ஒரே உணவு! அரசர் எதை உண்கிறாரோ, அதையே நாடும் உண்ண வேண்டும். அரசரின் இலையும் குடிகளின் இலையும் வேறுபடக் கூடாது. இது என் ஆணை. இதை நிறைவேற்றித் தருபவர் யார்?"

அப்போது எழுந்தார் உணவுச்சாலை அதிகாரி நாகமாணிக்கம். அவருக்கு அந்த அவையில் ஒருவனைக் கண்டால் மட்டும் ஆகாது. அவன் சடையாண்டி, மன்னரின் விகடக்காரன். அவன் வாயைத் திறந்தால் அவை சிரிக்கும். இவர் வாயைத் திறந்தால் அவை கொட்டாவி விடும். அந்தக் காய்ச்சல் அவருக்குப் பல காலமாக இருந்தது.

"மன்னர் மன்னா, இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கூர்மையான அறிவு வேண்டும். நம் சடையாண்டியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அறுவடைத் திருநாளுக்குள் அவர் முடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால், அந்த அறிவு நம் எல்லைக்கு வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

இந்த நாட்டைக் கால்நடையாகச் சுற்றியவன் சடையாண்டி. மலைச்சரிவில் நெல் நிற்காது, கரிசலில் நெல் முளைக்கவே முளைக்காது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கைகூப்பினான்.

"ஆணையைத் தலைமேல் ஏற்கிறேன், மன்னா. ஒரே ஒரு வேண்டுகோள். நான் நிறைவேற்றினேன் என்று வாயால் சொன்னால் அதிகாரி நம்பமாட்டார். தாங்களே ஊர் ஊராக வந்து, தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்."

மன்னருக்கு அது நியாயமாகப் பட்டது. அதிகாரியும் தலையாட்டினார். ஆனால் அன்றே அவர் இன்னொரு வேலையும் செய்தார். 'பழைய பயிரை அழித்து நெல் விதையுங்கள்' என்று சொல்லிக் காவலர்களை நாலாபக்கமும் அனுப்பினார். ஊர்க்காரர்களின் கோபமெல்லாம் சடையாண்டியின் தலையில் விழட்டும் என்பது அவர் கணக்கு.

மன்னர் பரிவாரத்தோடு புறப்பட்டார். பின்னால் அரண்மனைச் சமையல் வண்டியும் வந்தது. மலையடிவாரம்வரை வந்த வண்டி அங்கேயே நின்றுவிட்டது. பாதை ஆட்டுக்குட்டி போகிற அகலம்தான் இருந்தது. மன்னர் நடந்தே ஏறினார். ஏறி முடித்தபோது பசியில் காது அடைத்தது.

"சடையாண்டி, சோறு எங்கே?"

"அடிவாரத்தில், மன்னா. வண்டிச் சக்கரத்துக்கு மலை ஏறத் தெரியவில்லை."

அங்கே ஒரு குடிசை முன்னால் பொம்மி என்ற பெண் உரலில் தினை இடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் மன்னர் என்று அறிந்ததும் உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"ராசா பசியோட நிக்கலாமா? உக்காருங்க. இந்தா வந்துட்டேன்."

தேக்கிலையில் தினைமாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, மூங்கில் குழாயிலிருந்து தேனை ஊற்றினாள். மன்னர் ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். இலை வெறுமையானதும்தான் நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்கள் ஏன் நெல் பயிரிடுவதில்லை?"

பொம்மி சரிவைக் காட்டினாள். "மழை பேஞ்சா தண்ணி எங்க நிக்குது ராசா? குதிச்சுக் குதிச்சு கீழ ஓடிப்போவுது. அதை நிக்கச் சொல்லுங்க, நாளைக்கே நட்டுடறோம். இந்தத் தினைக்கு ஓடுற தண்ணியில ஒரு நனைப்பு போதும். அறுத்ததும் மொதப் பிடி முருகனுக்கு, ரெண்டாம் பிடி கிளிக்கு. அப்புறம்தான் எங்க வாயிக்கு."

மன்னர் சரிவைப் பார்த்தார். கால் வைத்தால் வழுக்கும் அந்தச் செங்குத்தில், பாறை இடுக்குகளில்கூடத் தினைக்கதிர்கள் பொன்னிறமாகத் தலை கவிழ்ந்து நின்றன. கீழே, வெகு கீழே, இங்கிருந்து ஓடிய தண்ணீரெல்லாம் சேர்ந்து ஆறாக மின்னியது. தம் அரண்மனைச் சோற்றுக்கு நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்த ஊரில் ஆணை நிறைவேறிவிட்டது, மன்னா. அடுத்த ஊர் போகலாமா?" என்றான் சடையாண்டி.

"என்ன நிறைவேறியது? நெல்லே இல்லையே!" என்று அதிகாரி கத்தினார். மன்னர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் கண் இன்னும் மலையில் இருந்தது.

மலை இறங்கிக் கரிசலுக்கு வந்தார்கள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சமையல் வண்டியில் காலையில் வடித்த சோறு உச்சிப்பொழுதுக்குள் ஊசிப்போய், நாற்றம் மூக்கைத் துளைத்தது. நெய் எண்ணெயாக உருகி வழிந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலே நடந்தபோது, முன்னே ஒரு கூச்சல் கேட்டது.

ஒரு கம்பங்கொல்லை. கதிர் பால் பிடிக்கிற பருவம். வரப்பில் அரிவாளோடு காவலர்கள் நின்றார்கள். கொல்லைக்குள், கைகளை விரித்துக்கொண்டு ஒருவன் நின்றான். அவன் பெயர் முத்தாண்டி. அவன் மனைவி கதிர்களை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னை வெட்டிட்டு இதை வெட்டுங்க! இன்னும் கொஞ்ச நாள்ல கதிர் முத்திடும். ஊர்ப் புள்ளைங்க வருசம் பூரா குடிக்கிற கூழுய்யா இது!"

"நிறுத்துங்கள்!" என்றார் மன்னர். "பால் பிடித்த பயிரை அறுக்கச் சொன்ன பாவி யார்?"

காவலர் தலைவன் தரையைப் பார்த்தான். "மன்னித்தருள வேண்டும். நாடெங்கும் ஒரே உணவு என்பது தங்கள் ஆணை என்று சொல்லி, பழைய பயிரை அழிக்கும்படி அதிகாரி அனுப்பினார்."

மன்னரின் முகம் கருத்தது. அதிகாரியை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ஆனால் ஆணை தம்முடையதுதான். அவையில் அறிவித்த ஆணையை அரசரே நடுவழியில் விழுங்க முடியாது. ஆணையை விட்டால் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. விடாவிட்டால் இந்தப் பயிர் இல்லை. அவர் சடையாண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

சடையாண்டி முன்னால் வந்தான்.

"மன்னா, தங்கள் ஆணையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்."

"அரசர் எதை உண்கிறாரோ, அதையே நாடும் உண்ண வேண்டும்."

"இந்த ஊரார் கூழ் குடிக்கிறார்கள். தாங்களும் இங்கே கூழ் குடித்துவிட்டால், அரசர் உண்டதும் இவர்கள் உண்பதும் ஒன்றுதானே? குடிகளின் இலையை மாற்ற வேண்டும் என்று ஆணையில் எங்கே இருக்கிறது? மலையில் தாங்கள் தினை உண்டீர்கள், அங்கே நிறைவேறிவிட்டது. இங்கே ஒரு சட்டி கூழ்தான் பாக்கி."

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எனக்குக் கூழ் ஊற்று."

முத்தாண்டியின் மனைவி ஓடிப்போய்க் கூழ்ப்பானையை எடுத்துவந்தாள். முந்தின நாளே புளிக்கவைத்துக் காய்ச்சிய கூழை மண்சட்டியில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் வறுத்த சுண்டை வத்தலும் வைத்தாள். காவலர்கள், அதிகாரி, ஊரார் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மன்னர் சட்டியைத் தூக்கிக் குடித்தார். கூழ் இறங்க இறங்க, காலையிலிருந்து உடம்பில் எரிந்த வெயிலெல்லாம் அணைந்ததுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்கள் சோறு அரைநாள் தாங்காத வெயிலில் இது எப்படிக் கெடாமல் இருக்கிறது?"

"கெடுக்கிற வெயிலத்தான் வேலைக்கு வச்சுக்கிட்டோம் சாமி," என்றான் முத்தாண்டி. "புளிக்கிறது அதால, வத்தல் காயறது அதால. வருசத்துக்கு ஒரு மழைதான் எங்களுக்கு. அந்த ஒண்ணக் குடிச்சிட்டு இந்தக் கம்பு தாக்குப்பிடிக்கும். ஆடியில மாரியாத்தாளுக்கும் இதே கூழ்தான் ஊத்துறோம். அவளே குடிக்கிறா."

காவலர்கள் அரிவாளை இடுப்பில் செருகினார்கள். முத்தாண்டியின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். மன்னர் எழுந்து ஒரு கம்பங்கதிரைக் கையில் பிடித்து, கோயிலில் நிற்பவரைப்போல் நின்றார்.

கடைசியில் கடற்கரைக்கு வந்தார்கள். உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. செபாலி என்ற மீனவப் பெண் அடுப்பில் குழம்பு வைத்திருந்தாள். மன்னர் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார். சுடு சோற்றில் அவள் மீன்குழம்பை ஊற்றினாள். முதல் கவளத்திலேயே மன்னருக்குக் கண்ணில் நீர் வந்தது. மிளகுக் காரம் ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை.

"இந்த மிளகும் புளியும் இந்த மணலில் விளையாதே?"

"அதெல்லாம் மலையிலருந்து ஆத்தோட வருது மகராசா. அரிசி வயக்காட்டுலருந்து வருது. நாங்க உப்பும் கருவாடும் அனுப்புறோம். எங்க உப்பில்லாம மலையிலயும் கரிசல்லயும் அடுப்பெரியாது," என்றாள் செபாலி.

மன்னர் கவளத்தைக் கையில் வைத்தபடியே ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்தார். மலையும் வயலும் கடலும் அந்தச் சட்டிக்குள் ஒன்றாகக் கொதித்திருந்தன. இத்தனை நாள் தாம் ஆண்டது இப்படி ஒரு நாட்டையா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

"மன்னர் மன்னா, இது ஏமாற்று வேலை! நாடெங்கும் ஒரே உணவு என்றல்லவா தாங்கள் சொன்னீர்கள்? மலையில் தினை, கரிசலில் கம்பு, இங்கே மீன். மூன்றும் ஒன்றாகிவிட்டனவா? ஒன்றாகிவிட்ட இடத்தைச் சடையாண்டி காட்டட்டும்! காட்ட முடியாவிட்டால் எல்லையைத் தாண்டட்டும்!"

எல்லாரும் சடையாண்டியைப் பார்த்தார்கள். அவன் பணிவோடு மன்னரை நெருங்கி, அவருடைய வயிற்றைச் சுட்டிக் காட்டினான்.

"இதோ இருக்கிறது, அதிகாரி அவர்களே. தினையும் கம்பும் மீனும் சோறும் சண்டை போடாமல் ஒன்றாக இருக்கிற இடம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் காதை வைத்துக் கேட்டுப்பாருங்கள்."

மன்னர் முதலில் தம் வயிற்றைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் காதைப் பார்த்தார். அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"ஆணை நிறைவேறியது!" என்றார் மன்னர். "இனி யாருடைய பயிரையும் யாரும் தொடக் கூடாது. நாகமாணிக்கம், பால் பிடித்த பயிரில் அரிவாள் வைக்கச் சொன்ன நீர் இனி ஒவ்வோர் அறுவடைக்கும் ஊர் ஊராக நடந்துபோய், அந்தந்த ஊர்க்காரரோடு உட்கார்ந்து உண்டுவிட்டு வர வேண்டும். வண்டி கிடையாது."

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மன்னர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார்.

"வேறு என்ன வேண்டும், கேள்."

"மன்னா, மாலை பிறகு. எல்லையைத் தாண்ட வேண்டிவருமோ என்ற பயத்தில், புறப்பட்ட நாள் முதல் ஒரு கவளமும் எனக்கு ஒழுங்காகத் தொண்டையில் இறங்கவில்லை. அந்தச் சட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்."

மன்னர் யாரையும் கேட்கவில்லை. தாமே எழுந்து, செபாலியின் கையிலிருந்த அகப்பையை வாங்கி, பிறந்தது முதல் ஒருவருக்கும் பரிமாறியறியாத அந்தக் கையால், சடையாண்டியின் இலையில் பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைத்தார்.