நலம் விசாரிக்க வந்த கரடி

தொட்டவுடன் தெரியாது. தொட்ட அன்றும் தெரியாது. மறுநாள்தான் தெரியும். தெரிந்த பிறகு சும்மா இருக்கவே முடியாது. அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை தெரியாமல் ஒரு குரங்குக் கூட்டமே திண்டாடியது.

அந்தக் கூட்டத்தில் செவந்தி என்றொரு தாய்க்குரங்கு இருந்தது. அதன் குட்டி பொடிச்சி. ஒருநாள் விடிந்தபோது பொடிச்சியின் முகம் வீங்கியிருந்தது. உள்ளங்கை முழுவதும் கொப்புளம்.

"அம்மா, அரிக்குது! சொறிஞ்சு விடு!"

மலையின் இந்தப் பக்கம் பழம் தீர்ந்துகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து நாளில் கூட்டம் பள்ளத்தைத் தாண்டி அக்கரை மரங்களுக்குக் குதிக்க வேண்டும். கிளையைப் பிடிக்க முடியாத குட்டி எப்படிக் குதிக்கும்?

சேதி கேட்டுக் கரடி தேனடையோடு ஓடிவந்தது. அது குட்டிகளுக்கெல்லாம் மாமா. தினமும் தேன் கொண்டுவந்து குட்டிகளை முதுகில் ஏற்றிச் சுற்றும். குரங்குகள் அதற்குப் பேன் பார்த்துவிடும்.

"ஐயோ, என் தங்கமே!" என்று பொடிச்சியை மார்போடு அணைத்துக்கொண்டது. முதுகில் ஏற்றி இரண்டு சுற்று சுற்றியது.

மறுநாள் பொடிச்சிக்குக் கண்ணே திறக்கவில்லை. பேன் பார்த்த ஆறு குரங்குகளும் கையைச் சொறிந்துகொண்டிருந்தன.

"எல்லாம் அந்தக் குளத்துத் தவளையாலதான்!" என்றது தலைவன் குரங்கு. "அதோட தோலைப் பாருங்க, ஒரே பரு!"

"தவளையை யாராவது தொட்டீங்களா?" என்று கேட்டது செவந்தி.

"தொடலை. ஆனா பார்த்தோமே!"

செவந்தி தலையில் அடித்துக்கொண்டது.

கரடியைத் தொட்டவர்களுக்குத்தான் அரிப்பு என்பதைக் கவனித்த செவந்தி, அடுத்த நாள் காலை கரடியின் பின்னாலேயே போனது. கரடி ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் கீறியது. கசிந்த சாற்றில் முதுகை வைத்துச் சுகமாகத் தேய்த்தது. சேராங்கொட்டை மரம்! பன்றிகூட ஒதுங்கிப் போகும் மரம்! அதன் எண்ணெய்ச் சாறு பட்டால் மறுநாள் தோல் வெந்து கொப்புளிக்கும்; அதுதான் நம் கேள்விக்கு விடை.

"மாமா! எத்தனை நாளா இதுல தேய்க்கிறே?"

"நாலு நாளா. முன்னாடி முதுகு தேய்ச்ச மரம் காத்துல விழுந்துடுச்சு."

"இந்த எண்ணெய்தான் உன் ரோமத்துல ஒட்டிவந்து எங்க கையை வேகவைக்குது!"

"என்னம்மா இது! எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

"உனக்கு ரோமம் அடர்த்தி. தோல்ல படலை."

"எனக்கே ஆகலேன்னா உங்களுக்கு எப்படி ஆகும்?"

செவந்தி முதலிலிருந்து சொன்னது. கரடி அதையே கேட்டது. நான்காம் முறை சொல்லும்போது செவந்தியின் குரல் கீச்சிட்டது.

"சரி, நம்ப வேண்டாம். குளத்துல இறங்கிக் களிமண் தேய்ச்சுக் குளி. அது போதும்!"

"குளிச்சா எனக்குச் சளி பிடிக்கும்மா."

கூட்டத்திடம் சொன்னால் அங்கேயும் அதே கதை. "தேன் கொடுக்கிறவர் மேல பழி போடுறியே! உனக்கு நன்றியே இல்லையா?" என்றன. ஆறு குரங்குகளும் வீங்கிய கையோடு மறுபடி பேன் பார்க்க உட்கார்ந்தன.

செவந்தி பொடிச்சியைத் தனி மரத்துக்குக் கொண்டுபோனது. களிமண் பூசித் தேய்த்துக் குளிப்பாட்டியது. கரடி வந்தபோதெல்லாம் உச்சிக்கிளைக்குத் தூக்கிப் போனது. மெல்ல மெல்லக் கண் திறந்தது, கொப்புளம் காய்ந்தது.

கூட்டம் புறப்படும் நாள் வந்தது. தலைவன் குதித்தது. மற்றவையும் குதித்தன; செவந்தியும் பொடிச்சியும் கடைசியில் நின்றன. ஆறு குரங்குகளால் மட்டும் கிளையைப் பிடிக்க முடியவில்லை. அவை இக்கரையில் உட்கார்ந்து அழுதன. கரடி ஒவ்வொன்றாக அணைத்து ஆறுதல் சொன்னது! செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொடிச்சி! போறதுக்கு முன்னாடி மாமா முதுகுல ஒரு சவாரி! கொம்புத்தேன் வெச்சிருக்கேன்!"

பொடிச்சி அம்மாவைப் பார்த்தது.

"என்னை ஏன் பார்க்கிறே? சொல்லிச் சொல்லி என் தொண்டை வத்திப்போச்சு. உன் கை, உன் முகம். நீயே முடிவு பண்ணு."

பொடிச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தது.

"குளிச்சியா மாமா?"

"நாளைக்குக் குளிக்கிறேன், கண்ணு."

பொடிச்சி தேனை வாங்கவில்லை. அக்கரைக்குக் குதித்தது; செவந்தியும் பின்னாலேயே குதித்தது.

தனக்கு வலிக்கவில்லை என்பதாலேயே தன்னால் பிறருக்கு வலிக்காது என்று நினைப்பவர், அன்போடு வந்தாலும் தீங்கையே கொண்டுவருவார்.