தாய்மாமன் மடியில் காதுகுத்து

இது லாரி டிரைவர் மொக்கைச்சாமி தன் தங்கை மகளை மடியில் வைத்துக் காது குத்திய கதை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள், கவனமாகக் கேளுங்கள்.

அவர் கொண்டுபோன சீர்வரிசையில் முதல் தட்டு கோயிலுக்குள் நுழைந்தபோது, கடைசித் தட்டு இன்னும் அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இடையில் மூன்று கிலோமீட்டர்! அத்தனை கௌரவத்திலும் ஒரு குறை. வலது இடுப்பு மூட்டை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, ஜெர்மனியில் செய்த மூட்டு வைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சம்மணம் போடாதீங்க, மூட்டு நழுவிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே மனைவி தவமணி உயரமான நாற்காலி ஒன்றைக் கோயில்வரை சுமந்து வந்திருந்தாள்.

"நாற்காலியில உக்காந்து மொட்டை எடுக்க இதென்ன சலூனா, மச்சான்?" என்றான் தங்கை புருசன் பரமன்.

கூட்டம் சிரித்தது. மொக்கைச்சாமி மீசையை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டார், பிள்ளையை மடியில் வாங்கினார். மொட்டை முடிந்தது. ஆசாரி முதல் காதில் ஊசி வைக்கும்போது இடுப்புக்குள் 'டொக்' என்றது. மூட்டு நழுவிவிட்டது. துள்ளினால் பிள்ளை கன்னத்தில் ஊசி ஏறும். இரண்டு காதிலும் தோடு ஏறும்வரை மனிதர் இமைகூட ஆட்டவில்லை. அந்த வலி போக்கிடம் இல்லாமல் பக்கத்து வேப்பமரத்தில் ஏறியதாம். இலை அத்தனையும் உதிர்ந்துபோனது.

பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே சாய்ந்தார். கால் இரண்டு விரற்கடை குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

பரமன் பாதத்தைப் பிடித்தான். "காளைக்கே சுளுக்கு எடுத்த கை இது. ஒரே இழு!"

தங்கை ஈஸ்வரி இளநீரோடு ஓடி வந்தாள். "காலையிலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. குடிண்ணே."

தவமணி பரமனைத் தள்ளினாள். இளநீரைப் பிடுங்கி மண்ணில் கொட்டினாள். கால் கிடந்தபடியே அசையாமல் இருக்கத் துணியைச் சுருட்டி அண்டக் கொடுத்து ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். "காலை ஆரும் தொடக் கூடாது. தொண்டையும் நனையக் கூடாது."

"எதிராளிக்குக்கூடத் தண்ணி குடுப்பாகளே மதினி, நீயெல்லாம் பொம்பளையா?" என்று ஈஸ்வரி அழுதாள். நாக்கு வறண்டு கிடந்த மொக்கைச்சாமியும் மனைவியை முறைத்தார்.

வலியைத் தீர்க்க வந்தவன் பரமன். தாகத்தைத் தீர்க்க வந்தவள் ஈஸ்வரி. இரண்டையும் தடுத்தவள் தவமணி. இதில் யார் செய்தது சரி?

விடை: தவமணி. நழுவிய மூட்டைத் தெரியாத கை இழுத்தால் எலும்பு முறியும், நரம்பு கெடும். அதைத் திரும்ப ஏற்ற மயக்க மருந்து வேண்டும். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மூச்சுக்குழலில் ஏறும் ஆபத்து உண்டு. வெறும் வயிறாகப் போனதால், ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைக்காமல் அன்றே மூட்டைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். மறுநாள் பக்கத்துக் கட்டில்காரரிடம் மொக்கைச்சாமி மார்தட்டினார்: "இடுப்பு ஜெர்மனி, பொண்டாட்டி உசிலம்பட்டி. இதுல எது நழுவாதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுய்யா!"