ஒரு வாளித் தண்ணீர்

“செத்தவங்களை நெனச்சு உட்கார்ந்தா இது நிக்காதுன்னு சொன்னீங்களே. அது நிஜமா?”

கேட்டவர் அறவாழி. சவ்வாது மலையில், ஓடு போட்ட ஒரு தியான இல்லத்தின் பின்கட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

பிக்குணி சுமனா துவைகல்லில் தன் காவித் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தார். அந்த இல்லத்தில் தியானம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். நிமிர்ந்து பார்த்தார்.

அறவாழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ராணிப்பேட்டையில் அச்சகம் வைத்திருந்தவர். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழி போட மாட்டார். கட்டாயம் வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ப் பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். அப்படியும் ஊர் அவரிடமே வந்தது. அவர் அடித்தால் எழுத்துப் பிழை இருக்காது.

மலைக்கு வந்த அன்றைக்கே நிபந்தனை போட்டார். புத்தர் சிலையைக் கும்பிட மாட்டேன். மறுபிறவி, புண்ணியம் எதையும் நம்ப மாட்டேன். மூச்சைக் கவனிப்பது அறிவுக்கு ஒத்து வருகிறது, அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

பிக்குணிக்கு அவர் பிள்ளை வயதுதான் இருக்கும். ஆம்பூர்க்காரர்.

“சரிங்க ஐயா. கும்பிடாதவங்க பெருக்கலாம்” என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்தார்.

அறவாழி பெருக்கினார். சிலையைச் சுற்றி ஒரு தூசி இல்லாமல் பெருக்கினார்.

மூச்சு பழகிய பிறகு மைத்திரி என்ற தியானம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முதலில் தனக்கும், பிறகு பிரியமான ஒருவருக்கும், நல்லா இரு, பயமில்லாமல் இரு என்று மனதுக்குள் வாழ்த்துச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நெஞ்சு இளகி, ஒரு வெதுவெதுப்பு வந்து நிற்கும்.

அதைச் சொல்லிக்கொடுத்த அன்று, பிக்குணி போகிற போக்கில் ஒரு பழைய விதியையும் சொன்னார். உயிரோடு இருப்பவரைத்தான் நினைக்க வேண்டுமாம். இறந்தவரை நினைத்தால் அந்த வெதுவெதுப்பு நிற்காது என்று நூல்களில் இருக்கிறதாம்.

அறவாழிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவருக்கு ஒரே மகன், பரிதி. வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. காசியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ரயிலில் அடிபட்டுப் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாத எதையும் நம்பாத மனிதர், இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நம்பிக்கொண்டு கிடந்தார்.

இப்போது கையில் ஒரு சோதனை கிடைத்துவிட்டது. தினமும் விடிகாலையில் மகன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார். நெஞ்சில் வெதுவெதுப்பு நின்றால் பையன் இருக்கிறான். அன்றைக்குக் கஞ்சி இரண்டு தம்ளர் இறங்கும், எதிரில் வருகிறவரிடமெல்லாம் பேச்சுக் கொடுப்பார். நிற்காவிட்டால் பையன் இல்லை. துடைப்பம் சுவரில் சாய்ந்தபடியே கிடக்கும்.

ஜாதகம் பார்க்கிறவர்களைக் கேலி செய்து துண்டறிக்கை அடித்தவர்தான் இவர்.

அந்த வாரம் முழுக்க ஒரு நாளும் நிற்கவில்லை. அதற்கு மேல் தாங்க முடியாமல்தான் துவைகல்லுக்கே வந்துவிட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்று பிக்குணி கேட்டதும், மகனைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

பிக்குணி துணியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தார்.

“நான் தெனமும் எங்க அக்காவை நெனச்சுத்தான் உட்கார்றேன்” என்றார்.

“அவங்க எங்க இருக்காங்க?”

“செத்துட்டாங்க. நான் துறவுக்கு வர்றதுக்கு முந்தின வருஷம்.”

“நிக்குதா?”

“நல்லா நிக்குது, ஐயா.”

ஒரு விதி பொய்யாகிவிட்டது. அச்சகத்து அறவாழியாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இந்த அறவாழி துவைகல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெதுவெதுப்பு நின்ற காலைகளெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டன. அந்தக் காலைகளில் அவருக்கு மகன் இருந்தான்.

“அப்போ என் பையன் இருக்கானா, இல்லையா?”

“தெரியலைங்க ஐயா.”

“இருக்கான்னு சொல்லுங்க. பொய்யாவாவது சொல்லுங்க.”

பிக்குணி மாட்டேன் என்று தலையசைத்தார்.

அறவாழிக்குக் கோபம் வந்தது. யாருக்கும் போய்ச் சேராத வார்த்தையை எதற்குச் சொல்ல வேண்டும், காற்றிடம் வாழ்த்துச் சொல்லவா மலை ஏறி வந்தேன் என்று கேட்டார். நாளைக்கே மூட்டையைக் கட்டுவதாகவும் சொன்னார்.

பையன் எப்படிப் போனான் என்று பிக்குணி கேட்டார்.

அறவாழி சொன்னார்.

பரிதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியோடு வாசலில் வந்து நின்றான். அறவாழி உடம்பில் எப்போதும் கறுப்புச் சட்டை. ஒரே வீட்டில் இரண்டு கறுப்பு, ஒன்றுக்கொன்று ஆகவில்லை. மாலை போட்டவனை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அம்மா கூப்பிட்டாள், எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஒரே ஒரு தடவை நீங்களும் கூப்பிடுங்கப்பா என்று பையன் கேட்டான். அதற்கு இந்த வாயை வெட்டிக்கொள்வேன் என்றார் அறவாழி.

பேச்சு முற்றியது. உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று கத்தினார். உறவை அறுக்கும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அறவாழி வார்த்தையோடு நிற்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி இழுத்து, செத்த வீட்டில் செய்வது போல, பையன் கண் முன்னாலேயே தலையில் ஊற்றிக்கொண்டார். சொந்த அப்பா செத்தபோது சடங்கு என்று சொல்லித் தலைமுழுக மறுத்தவர் அவர்.

பரிதி ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்பில்லாத காலோடு அப்படியே நடந்து போனான். அவன் அம்மா கண்ணை மூடும்போதும் வரவில்லை.

அறவாழி சொல்லி முடித்தார். அவன் வேண்டும் என்பதைத் தவிர அவருக்குள் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

பிக்குணி தன் பக்கத்திலிருந்த வாளியைப் பார்த்தார்.

“அந்தத் தண்ணியில ஏதாவது சக்தி இருந்துச்சா, ஐயா?”

“தண்ணியில என்னம்மா சக்தி? வெறும் கிணத்துத் தண்ணி.”

“தலைமுழுகுனா உறவு அறுந்துடும்னு நம்பித்தான் ஊத்துனீங்களா?”

“அந்த மாதிரி எதையும் நான் என்னைக்குமே நம்புனதில்ல.”

“ஆனா அது உங்க பையனுக்குப் போய்ச் சேந்துச்சு.”

பிக்குணி வாளியைத் தூக்கி, மிச்சத் தண்ணீரைக் கொய்யாக் கன்றுக்கு ஊற்றினார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொடிப் பக்கம் போய்விட்டார்.

அறவாழி எழுந்திருக்கவில்லை. கால் ஈரத்தில் நனைந்துகொண்டிருந்தது. துவைகல்லின் மேலேயே காலை மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடினார்.

மனதுக்குள் மகன் வந்து நின்றான். இத்தனை நாளும் அவன் வந்து நின்றதும், இருக்கிறாயா, இருக்கிறாயா என்றுதான் கேட்டிருந்தார். வாழ்த்து ஒன்றும் சொன்னதில்லை.

இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. வாய் இரண்டு முறை திறந்து மூடிக்கொண்டது. மூன்றாவது முறை வந்துவிட்டது.

“நல்லா இரு, சாமி.”