முடிவு தெரியாத பாட்டு

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் காது இருந்த காலத்திலே, நீலவேலி என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் பாட்டில்லாமல் ஒரு வேலையும் நடக்காது. ஏற்றக்காரன் பாடினால்தான் கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். நடவு நடுகிற பெண்கள் பாடினால்தான் நாற்று கோணாமல் நிற்கும். திருடப் போகிறவன்கூட ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் சுவர் ஏறுவான். அதனாலேயே அங்கே திருடர்கள் சீக்கிரம் பிடிபட்டார்கள்.

அந்த நாட்டு அரண்மனை யாழ்க்காரியின் பெயர் குவளை. அவளைப் போலப் பாட்டுக் கட்டுகிறவர் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் பாட்டில் ஒரு சொல்லை அசைக்க முடியாது, ஒரு தாளத்தை நகர்த்த முடியாது.

அவள் பாட்டுக் கட்டும் விதமே தனி. வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குக் கனத்த பலாப்பலகைக் கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் போட்டதுதான். அவள் கணவன் சடையன் பாய் முடைகிறவன், தங்கமான மனுஷன். கஞ்சிக் கலயத்தைக் கதவோரம் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போவான். இருமல் வந்தால் தெருமுனைக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வருவான்.

"பாதியில் நின்ற பாட்டு பாடாத பாட்டு" என்பது குவளையின் சொல். எடுத்த பாட்டை முடிக்காமல் அவள் எழுந்ததே கிடையாது. அரசருக்கு அது மிகவும் பிடிக்கும். அவள் பாடும் நாளில் சபைக்கு வருகிறவர்கள் கொலுசைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு வாசலிலேயே தடை.

இப்படி இருக்கையில் குவளைக்கு ஒரு பிள்ளை பிறந்தான். தும்பி என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கேற்ற பிள்ளை. ஓர் இடத்தில் இருக்கமாட்டான், ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான்.

குவளை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். முதல் அடி பாடினாள். "ங்ஙே!" என்றான் தும்பி. ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். மறுபடி முதல் அடி பாடினாள். "ங்ஙே!" என்றான் தும்பி. துணி மாற்றிவிட்டு வந்தாள். மறுபடி முதல் அடி பாடினாள். இந்தத் தடவை தும்பி சத்தமே போடவில்லை. ஏன் சத்தமே இல்லை என்று பயந்துபோய் அவளே ஓடிவந்து பார்த்தாள். அவன் பாட்டுக்குக் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போறேன். நீ நிம்மதியாப் பாடு" என்றான் சடையன்.

தூக்கிக்கொண்டு போனான். வீடு அமைதியாகத்தான் இருந்தது. யாழ் மடியில் இருந்தது, கை நரம்பில் இருந்தது, காது மட்டும் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. பசிக்குமோ, எறும்பு கடிக்குமோ, வெயில் படுமோ! தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள் யாழ்க்காரி.

அப்புறம் என்ன செய்வது? பிள்ளையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, யாழைத் தரையில் சாய்த்து, வலது கைக்கு எட்டின நரம்புகளை மட்டும் மீட்டினாள். எட்டாத நரம்பு எட்டாததுதான். இருக்கிற கொஞ்சம் சுரத்தில், இருக்கிற கொஞ்ச நேரத்தில், பால் காய்வதற்குள் ஓர் அடி, துணி காய்வதற்குள் ஓர் அடி. பாடிக்கொண்டே இருக்கும்போது தும்பி ஏதாவது செய்வான். ஒரு நாள் சிரிப்பான், ஒரு நாள் யாழின் கொம்பைக் கடிப்பான். அவனுக்கு முளைத்த முதல் பல்லின் தடம் அந்தக் கொம்பில் இருந்தது. அவன் செய்வதற்காகக் கொஞ்சம் நிறுத்துவாள். அவன் செய்ததை வைத்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடுவாள். அந்தப் பாட்டு நேற்றுப் போன வழியில் இன்று போகாது.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "பிள்ளை வந்தான், பாட்டு போச்சுங்க" என்றாள்.

"போச்சுன்னு யார் சொன்னது? நான் வாசல்ல பாய் முடையறப்போ கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றான் சடையன்.

"அதெல்லாம் ஒரு பாட்டா? தலையும் இல்லை, முடிவும் இல்லை."

"முடிவு இல்லைன்னா என்ன? நாளைக்கு மிச்சம் இருக்குமில்ல?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாட்டைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சுவிடவில்லை. கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கம்.

தும்பி தவழ ஆரம்பித்த சமயம், மலையிலிருந்து ஒரு பூதம் இறங்கி வந்தது. பனைமர உயரம், பானை வயிறு. மலைச்சரிவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களின் பாட்டைக் கேட்டது. யாராவது ஓர் அடி பாடினால் போதும். "மிச்சத்தை நான் பாடட்டுமா?" என்று கேட்கும். கேட்ட மாத்திரத்தில் கடைசி வரை பிசகாமல் பாடிவிடும். பாடி முடித்ததும் அந்தப் பாட்டு அதன் வயிற்றுக்குள் போய்விடும். பாடினவருக்கு அது மறந்தே போகும்.

இப்படி ஏற்றப்பாட்டு போயிற்று. தண்ணீர் கிணற்றிலேயே நின்றது. நடவுப்பாட்டு போயிற்று. நாற்று கட்டுக் கட்டாகக் கிடந்து வாடியது. தாலாட்டும் போயிற்று. ஊரில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை, பெற்றவர்களும் தூங்கவில்லை. குவளை ஒருத்திதான் ஒவ்வொரு நாளும் புதிதாக எதையோ பாடித் தும்பியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள்.

அரசர் நேரே போய்ப் பூதத்திடம் கேட்டார். "உனக்கு என்னதான் வேணும்?"

பூதம் பெருமூச்சு விட்டது. அந்த மூச்சில் அரசரின் குடை பறந்துபோனது. "நானும் ஒரு காலத்துல பாட்டுக்காரன்தான், ராஜா. எல்லாப் பாட்டோட முடிவும் எனக்குத் தெரியணும்னு ஒரு மந்திரவாதிகிட்ட வரம் கேட்டேன். கொடுத்தான். அன்னைக்கே பூதமாயிட்டேன். எவ்வளவு விழுங்கினாலும் பசி அடங்கலை. எனக்கு முடிவு தெரியாத பாட்டு ஒண்ணு காதுல விழுந்தா என் சாபம் தீரும். விழுங்கினதெல்லாம் உங்களுக்கே திரும்பிவரும். யாரையாவது அனுப்பு. மூணு பாட்டு பாடட்டும். மூணுலயும் தோத்தா அவங்களோட பாட்டு மொத்தமும் எனக்கு. இனிமே கட்டப்போற பாட்டும் எனக்குத்தான்."

அரசர் குவளையைக் கூப்பிட்டு அனுப்பினார். "நாடு காயுது, அம்மா. உன்னை விட்டா யாரும் இல்லை" என்றார்.

குவளை மனசுக்குள் கணக்குப் போட்டாள். தோற்றால் யாழ்க்காரி என்ற பெயர் போகும், அதுகூடப் பரவாயில்லை. தும்பிக்குப் பாட ஒரு வரிகூட மிஞ்சாதே! ஆனால் வாடிய நாற்றைப் பார்த்தவள் எப்படி மாட்டேன் என்பாள்? யாழை ஒரு தோளிலும் பிள்ளையை ஒரு இடுப்பிலும் வைத்துக்கொண்டு மலையேறினாள். பின்னால் சடையன், அவனுக்குப் பின்னால் அரசர், சபை, ஊர்.

தும்பியைச் சடையனிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் யாழை மீட்டித் தன் முதல் பாட்டை எடுத்தாள். மழைப் பாட்டு. ஆறு மாதம் அறைக்குள் இருந்து கட்டியது. இரண்டு அடி பாடினாள்.

"மிச்சத்தை நான் பாடட்டுமா?" என்றது பூதம். பிசகாமல் பாடி முடித்தது. மழைப் பாட்டு குவளையின் நெஞ்சைவிட்டுப் போயிற்று.

இரண்டாவது, தேர்ப் பாட்டு. ஒரு வருஷம் கட்டியது, அவள் கட்டியதிலேயே உயர்ந்தது. ஓர் அடிதான் பாடினாள்.

"மிச்சத்தை நான் பாடட்டுமா?" என்றது பூதம். அதையும் பாடி முடித்தது. ஊர் ஐயோ என்றது.

குவளை கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பூதம் முடித்தவிதம் அவளுக்கே சரியாகத்தான் பட்டது. அவள் பாட்டில் முதல் அடி வந்ததுமே கடைசி அடிக்கும் இடம் குறித்தாகிவிடும். அவ்வளவு சீராகக் கட்டியிருந்தாள். தாழ்ப்பாள் போட்ட அறையில் கட்டிய எந்தப் பாட்டை எடுத்தாலும் இந்தப் பூதம் முடித்துவிடும். அப்படியென்றால் முடிவு தெரியாத பாட்டு எது? முடிவு அவளுக்கே தெரியாத பாட்டு எது?

அது ஒன்றுதான் இருந்தது. அதை நினைத்ததும் முகம் சிவந்தது. அரசர் முன்னால், சபை முன்னால், அடுப்படிப் பாட்டா!

"ஏங்க, தும்பியைக் கொடுங்க" என்றாள்.

"இங்கேயா? சபைக்கு நடுவிலா?" என்று மந்திரி முகம் சுளித்தார். குவளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையை இடது இடுப்பில் வைத்தாள், யாழைப் பாறையில் சாய்த்தாள், ஒரு கையால் மீட்டினாள்.

"ஆத்துக்குள்ளே மீனு துள்ளுது,
அங்கே ஒண்ணு எட்டிப் பாக்குது..."

நிறுத்தினாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மிச்சத்தை நான் பாடட்டுமா?" என்றது பூதம். "கொக்கு வந்து கொத்தப் போகுது!"

ஆனால் அதற்குள் தும்பி யாழின் வயிற்றில் ஓங்கி ஓர் அடி அடித்தான். டம்! குவளை சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டாள்.

"டம்முனு ஓர் இடி இடிக்குது,
மீனு குடை கேட்டு நிக்குது..."

பூதம் தலையைச் சொறிந்தது. "இரு, இரு. மிச்சத்தை நான் பாடட்டுமா? ஆமை வந்து ஓடு கொடுக்குது!"

தும்பிக்கு மூக்கில் காற்று ஏறி ஒரு தும்மல் வந்தது. அச்!

"தும்மலிலே குடை பறக்குது,
வானம் வரை போயி நிக்குது..."

இப்போது ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தும்பியின் முகத்தையே பார்த்தார்கள். அரசர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பூதமும் பார்த்தது. "மிச்சத்தை..." என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் வாயைத் திறந்தபடி நின்றது.

தும்பி பூதத்தை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தான். பிறகு இரண்டு கையையும் அதன் பக்கம் நீட்டினான். தூக்கு என்று அர்த்தம்.

பூதத்தைப் பார்த்து ஓடினவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு. தூக்கச் சொல்லி அதனிடம் கை நீட்டியவர் இதுவரை யாரும் இல்லை. குவளை பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பூதத்தின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் அவளைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தது.

"பாத்துத் தூக்குங்க. நகம் படக்கூடாது" என்றாள்.

பூதம் நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மெதுவாகத் தூக்கித் தன் இடது இடுப்பில் வைத்துக்கொண்டது. தும்பி அதன் மூக்குத் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அதன் தோளில் தலையைச் சாய்த்தான்.

"அப்புறம்?" என்றது பூதம். "அப்புறம் பாட்டுல என்ன வரும்?"

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள் குவளை.

அவ்வளவுதான்! மலையே அதிர்கிற மாதிரி பூதத்துக்கு ஒரு விக்கல் வந்தது. ஏற்றப்பாட்டு வெளியே வந்தது. இன்னொரு விக்கல், நடவுப்பாட்டு வந்தது. இன்னொரு விக்கல், தாலாட்டெல்லாம் வந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் பூதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் பாறைமேல் ஒல்லியாக ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். இத்தனை சத்தத்திலும் தும்பி அவன் இடுப்பில் தூங்கிப்போயிருந்தான்.

அரசர் குவளையின் முன்னால் கைகூப்பினார். "அம்மா, பாதி நாட்டைத் தருகிறேன்" என்றார்.

"பாதி நாட்டை வெச்சுக்கிட்டு யார் பெருக்கறது, மகாராஜா? இனிமே பாட்டு சபைக்குள்ள பிள்ளைங்களை விடணும். அது போதும்."

"நடுவில் அழுமே?"

"அழட்டும். அந்த இடத்தை நான் பாத்துக்கறேன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டாள். விக்கலோடு திரும்பிவந்த மழைப் பாட்டையும் தேர்ப் பாட்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தைத் திறந்துவிட்டாள். அந்த இடம் வரும்போது சபையில் எந்தப் பிள்ளை சிரிக்கிறதோ, எந்தப் பிள்ளை சிணுங்குகிறதோ, அதை எடுத்துக்கொண்டு பாட்டு புது வழியில் போகும். இரண்டு கையால் கட்டியபோது ஊர் அவள் பாட்டை வியந்தது. ஒரு கையால் கட்டிய பிறகு ஊர் அதைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போயிற்று. அவளைப் போல இன்னொருத்தி பிறக்கவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

பலாப்பலகைக் கதவைச் சடையன் கழற்றி ஊஞ்சலாக்கினான். பூதமாக இருந்தவன் பொழுது சாயும் நேரத்தில் அந்த ஊஞ்சலில் வந்து உட்கார்ந்து, தும்பியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பான். குவளை நிறுத்துகிற இடத்தில் ஆசையாக, "அப்புறம்?" என்பான்.

நீலவேலியில் ஏற்றம் இறைத்தது, நாற்று நிமிர்ந்தது, பிள்ளைகள் தூங்கின. கதையை நான் இங்கே நிறுத்துகிறேன். மிச்சத்தை உங்கள் மடியில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.